ஹைபிரிட் காருக்குப் புது டயர்: கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மைலேஜுக்காகவே ஹைபிரிட் கார் வாங்கியவர்களை முதல் டயர் மாற்றம் கொஞ்சம் கலங்கடிக்கும். நான்கு புது டயர் போட்ட மறுவாரமே திரையில் தெரியும் எண் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இறங்கி நிற்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சண்டைக்குப் போவார்கள். சிலர் சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தவறான டயரைப் போட்டதால் மைலேஜ் நிரந்தரமாகக் குறைந்த கார்களும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறிந்து, சரியான டயரைக் கேட்டு வாங்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இங்கே ஹைபிரிட் என்று நான் சொல்வது மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஸ்டிராங் ஹைபிரிட் வகைகளை. என்ஜின் அணைந்திருக்க, மின்மோட்டாரால் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடியவை இவை. மோட்டார் என்ஜினுக்கு உதவி மட்டும் செய்யும் எர்டிகா போன்ற மைல்டு ஹைபிரிட் காருக்குச் சாதாரண பெட்ரோல் காருக்கான விதிகளே போதும்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

டயரின் வரிப்பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடு குறுக்கே ஓடுவதைப் பார்க்கலாம். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுடன் சமமாகிவிட்டால் சட்டப்படி அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் அதுவரை காத்திருப்பது வறண்ட ஊருக்கு மட்டுமே சரிப்படும். தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவதே அந்தப் பள்ளங்களின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ தினமும் ஓடுகிற வண்டியென்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஆழம் அளக்கும் சிறு கருவி அதிக விலை இல்லை. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு வந்தால் நல்லது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயரைப் போட்டால் அதுவும் அதே பக்கம்தான் தேயும்.

ஹைபிரிட் காரில் முன்சக்கர டயர்கள் பின்சக்கர டயர்களைவிட விரைவாகத் தேய்வது இயல்பு. மேலே சொன்ன கார்கள் எல்லாமே முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. சிக்னலில் கிளம்பும்போது மோட்டார் தன் முழு முறுக்குவிசையையும் எடுத்த எடுப்பிலேயே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது மின்சாரத்தை மீட்டெடுக்கும் வேலையும் அதே முன்சக்கரங்கள் வழியாகத்தான் நடக்கிறது. ஹைபிரிட்டில் பிரேக் பேடு நீண்ட காலம் வரும் என்பது உண்மை. டயருக்கு அந்தச் சலுகை கிடையாது. வண்டியை எது நிறுத்தினாலும், பேடு நிறுத்தினாலும் மோட்டார் நிறுத்தினாலும், சாலையைப் பிடித்துக்கொள்வது டயர்தான்.

பள்ளம் நன்றாக இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள் உண்டு. பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது, அன்றே மாற்றுங்கள். பக்கச்சுவரில் பொடிப்பொடியாக வெடிப்பு விட்டிருந்தால் ரப்பர் முதுமையடைந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் மொட்டைமாடி போலக் கொதிக்கும் திறந்தவெளி நிறுத்துமிடங்களில் நிற்கும் கார்களில் இதை அடிக்கடி காணலாம். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். அதை யாரும் நினைப்பதில்லை.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

உங்கள் காரின் டயர் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச்சுவரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பழைய கார் வாங்கியவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் முந்தைய உரிமையாளர் என்ன மாற்றியிருப்பார் என்று தெரியாது. ஸ்டிக்கரில் இருப்பதே சரியானது.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டிலும் 215/60 ஆர்17 என்ற அளவு வருகிறது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சிட்டி ஹைபிரிட்டில் 185/55 ஆர்16.

இந்த அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். 215/60 ஆர்17இல் பொதுவாக 96 எச். எண் சுமையைக் குறிக்கிறது, எழுத்து வேகத்தை. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, வி என்றால் 240, டி (T) என்றால் 190. நாம் யாரும் 210இல் போகப்போவதில்லை. ஆனாலும் கார் நிறுவனம் சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், ஏனென்றால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

சுமை எண்ணில் ஹைபிரிட்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் சேர்வதால் ஹைபிரிட் சிட்டி அதன் பெட்ரோல் உடன்பிறப்பைவிட நூறு கிலோவுக்கு மேல் எடை கூடியது. அளவு ஒன்றாக இருந்தும் சுமை எண் குறைந்த டயர்கள் சந்தையில் கிடைக்கக்கூடும். 'அளவு பொருந்துகிறது, அது போதும்' என்பவரிடம் ஸ்டிக்கரைக் காட்டுங்கள்.

அகலத்தைக் கூட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 215க்குப் பதில் 225 போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்று கடைகளில் ஆசை காட்டுவார்கள். 225/60 ஆர்17இன் விட்டம் பழையதைவிட ஏறக்குறைய 1.7 சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். எடை கூடும், காற்றுத்தடை கூடும், மைலேஜ் இறங்கும். மைலேஜுக்காகக் கூடுதலாகப் பல லட்சம் கொடுத்து ஹைபிரிட் வாங்கிவிட்டு அதை டயர் கடையில் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பெரிய ரிம் மாட்டுவதும் இதே வகைதான்.

மைலேஜும் உருளல் தடையும்

டயர் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் சாலையில் படும் பகுதி அமுங்கி, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அமுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தியதும் டயரைத் தொட்டால் சுடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். இந்த இழப்பைத்தான் உருளல் தடை என்கிறார்கள்.

பிடிப்பை இழக்காமல் இதைக் குறைக்கும் வழி நீண்ட காலம் தெரியாமலே இருந்தது. ரப்பரைக் கெட்டியாக்கினால் தடை குறையும். ஆனால் ஈரத்தில் வழுக்கும். மென்மையாக்கினால் பிடிப்பு கூடும், மைலேஜ் போகும். ரப்பருக்கு வலுவூட்டும் கார்பன் கரியில் பெரும் பங்கை நீக்கி சிலிக்காவைச் சேர்த்தபோதுதான் இரண்டையும் ஓரளவு ஒருசேரப் பெற முடிந்தது. 1992இல் மிஷலின் நிறுவனம் அப்படி ஒரு டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எல்லாப் பெரிய நிறுவனங்களும் அந்த வழியில்தான் செல்கின்றன. பிரிட்ஜ்ஸ்டோனின் ஈகோபியா, யோகோஹாமாவின் புளூஎர்த், மிஷலினின் எனர்ஜி ஆகியவை இந்த நோக்கத்தோடு பெயரிடப்பட்ட வரிசைகள். ஆனால் பெயரில் 'ஈகோ', 'கிரீன்' என்று இருப்பது மட்டும் எதற்கும் சான்று ஆகாது.

எவ்வளவு மிச்சமாகும்? உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை குறையும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உருளல் தடையில் 25 சதவீத வித்தியாசம் இருப்பது சாதாரணம். அப்படியானால் எரிபொருளில் இரண்டரை முதல் ஐந்து சதவீதம்.

ரூபாயில் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வையுங்கள். 750 லிட்டர் ஆகிறது. லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் என்றால் 75,000 ரூபாய். நான்கு சதவீத மிச்சம் என்றால் ஆண்டுக்கு 3,000. டயர் 45,000 கிலோமீட்டர் உழைத்தால் மூன்று ஆண்டுக்கு 9,000 ரூபாய். நல்ல டயர் ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் நான்குக்கு 6,000. கையில் 3,000 நிற்கிறது. ஆனால் வித்தியாசம் இரண்டு சதவீதம்தான் என்றால் மூன்று ஆண்டில் 4,500தான் மிஞ்சும். கூடுதலாகக் கொடுத்த காசுகூடத் திரும்பி வராது. ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வுபெற்றவருக்கு நான்கு சதவீதம் மிச்சமானாலும் அந்தக் காசு திரும்ப ஐந்து ஆண்டு ஆகும்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. ஹைபிரிட் காரில் என்ஜின் வீணடிக்கும் ஆற்றல் குறைவு, பிரேக்கில் போகும் ஆற்றலிலும் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. எனவே மீதியுள்ள இழப்பில் டயரின் பங்கு பெரிதாகத் தெரியும். சதவீதத்தில் பார்த்தால் டயர் வித்தியாசம் ஹைபிரிட்டில்தான் கண்ணில் படும். ஆனால் மொத்தத்தில் குடிக்கும் பெட்ரோலே குறைவு என்பதால் ரூபாயில் அது சிறிய தொகை. மைலேஜ் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே என் வரிசை இது: முதலில் சரியான அளவும் சுமை எண்ணும், அடுத்தது ஈரச் சாலையில் பிடிப்பு, அதற்குப் பிறகே உருளல் தடை. ஈரப் பிடிப்பில் சமமாக இருக்கும் இரண்டு டயர்களில் தடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். தடை மிகக் குறைவு, பிடிப்பும் குறைவு என்ற டயரைத் தொடாதீர்கள். ஐரோப்பிய முத்திரையின் கணக்கில் ஈரப் பிடிப்பு ஒரு படி இறங்கினால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து வண்டி நிற்க மூன்று முதல் ஆறு மீட்டர் கூடுதலாகத் தேவைப்படும். முன்னால் போகிற லாரி சட்டென்று நிற்கும்போது ஆறு மீட்டர் என்பது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம்.

எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?

இந்தியாவில் ஏஐஎஸ்-142 என்ற தரம் உருளல் தடை, ஈரப் பிடிப்பு, ஒலி மூன்றுக்கும் குறைந்தபட்ச எல்லையை வகுக்கிறது. இதைக் கட்டாயமாக்கும் அறிவிப்பை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022இல் வெளியிட்டது. இது தேர்ச்சி மதிப்பெண் மட்டும்தான். 36 எடுத்தவரையும் 96 எடுத்தவரையும் அது பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது நட்சத்திர முத்திரை. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் கொடுக்கும் அதே எரிசக்தித் திறன் பணியகம் டயர்களுக்கும் கொடுக்கிறது. நட்சத்திரம் கூடக்கூட உருளல் தடை குறைவு. 2022இல் இந்தியாவில் இந்த முத்திரையை முதலில் பெற்றது மிஷலின். நீங்கள் கேட்கும் டயரில் அது ஒட்டியிருந்தால் நல்ல தடயம். இல்லாவிட்டால் மோசமான டயர் என்று பொருளல்ல. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: இந்த நட்சத்திரம் பிடிப்பைப் பற்றியதல்ல.

மூன்றாவது வழி, வெளிநாட்டு முத்திரைகளைத் தேடிப் பார்ப்பது. ஐரோப்பாவில் 2021 மே மாதத்திலிருந்து ஏ முதல் இ வரை ஐந்து படிகள். கார் டயரில் உருளல் தடைக் கெழு (தடையை அளக்கும் எண்) 6.5க்குள் இருந்தால் ஏ, 7.7 வரை பி, 9.0 வரை சி, 10.5 வரை டி. அதற்கு மேல் இ. ஈரப் பிடிப்புக்குத் தனியாக இதேபோல ஐந்து படிகள். ஜப்பானில் 2010 முதல் இன்னொரு முறை: உருளல் தடைக்கு ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி, ஈரப் பிடிப்புக்குச் சிறிய எழுத்தில் நான்கு படிகள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரே பெயரில் விற்கும் டயர் எல்லா நாட்டிலும் ஒரே ரப்பரால் ஆனதல்ல. ஒரே நாட்டிலேயே அளவுக்கு அளவு படியும் மாறும். ஐரோப்பியத் தளத்தில் 205/55 ஆர்16க்குப் போட்டிருக்கும் மதிப்பெண்ணை உங்கள் 215/60 ஆர்17க்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒரு மாதிரியின் பொதுவான குணம் என்ன, அது மைலேஜ் பக்கம் சாய்ந்ததா பிடிப்பின் பக்கம் சாய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே டயரையே மறுபடி போட்டுவிடலாமா? பல நேரங்களில் அது நல்ல முடிவு. கார் நிறுவனம் தன் மைலேஜ் எண்ணைக் காப்பாற்ற உருளல் தடை குறைந்த டயரைத்தான் கேட்டு வாங்கியிருக்கும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குச் சொல்லப்படும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் அப்படிப்பட்ட டயரில் சோதித்து வந்ததுதான். ஆனால் அதே பெயரில் கடையில் விற்கும் டயர் வேறு ரப்பர்க் கலவையில் இருக்கலாம். 'சார், கம்பெனியில் போடுவதே இதுதான்' என்பது பாதி உண்மை. பழைய டயரின் பக்கச்சுவரில் உள்ள முழு விவரங்களையும் செல்பேசியில் படம் எடுத்துச் சென்று, சுமை எண், வேக எழுத்து, மாதிரிப் பெயரின் கடைசி எழுத்துகள் வரை ஒப்பிடுங்கள்.

பழைய டயரில் உங்களுக்கே ஏதாவது குறை இருந்திருந்தால், உதாரணமாக மழையில் வழுக்கல் அல்லது மட்டுமீறிய இரைச்சல், அதையே மறுபடி வாங்க எந்தக் கட்டாயமும் இல்லை. இரைச்சல் ஹைபிரிட்டில் சிறிய விஷயமல்ல. என்ஜின் அணைந்து மோட்டாரில் ஓடும்போது வேறு சத்தம் ஏதும் இல்லாததால் டயர் முனகுவது முழுமையாகக் கேட்கும்.

'இது மின்சார காருக்கென்றே செய்தது, ஹைபிரிட்டுக்கும் நல்லது' என்று சில டயர்களை முன்னிறுத்துவார்கள். மின்சார கார் போல ஹைபிரிட் அத்தனை கனமல்ல. அந்த டயர் தேவையில்லை. சிலவற்றில் இரைச்சலைக் குறைக்க உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். சாலையோரப் பஞ்சர் கடையில் அதைப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு.

இந்தியத் தயாரிப்பா, வெளிநாட்டுப் பெயரா என்ற கவலை வேண்டாம். எம்ஆர்எஃப் சென்னை நிறுவனம். ஒரகடத்தில் அப்பல்லோ, திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. டயர், சியட், தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின் என்று நம் மாநிலத்திலேயே தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதனால் இணையத்தில் புகழ்ந்து எழுதப்படும் பல மாதிரிகள் இங்கே கிடைக்காது. கிடைக்காததைத் தேடி அலையாதீர்கள்.

கடையில்

குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். கேட்கும்போது டயர் விலை, பொருத்தும் கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு, பழைய டயருக்குக் கழிக்கும் தொகை என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலையை இணையத்தில் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் வாங்காதீர்கள். பில் இல்லாமல் உத்தரவாதம் கேட்க முடியாது.

டயரைக் கீழே இறக்கி வைத்ததும் பொருத்த விடாமல் முதலில் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அவை. 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது. ஒரு பக்கத்தில் முழு வரிசை இல்லாவிட்டால் திருப்பிப் பாருங்கள், மறுபக்கத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஓராண்டைத் தாண்டியிருந்தால் வேறு டயர் கேளுங்கள், அல்லது நல்ல தள்ளுபடி கேளுங்கள். இரண்டு ஆண்டு என்றால் கிளம்பிவிடுங்கள். நான்கு டயரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மூன்று புதிதாக இருந்து நான்காவது மட்டும் பழையதாக வருவது நடக்கிற விஷயம்தான். அதோடு ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 15633 என்ற எண் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியாவில் கார் டயருக்கு அது கட்டாயம்.

இரண்டு டயர் மட்டும் மாற்றும் பட்ஜெட் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். இது பலருக்கும் தலைகீழாகப் படும். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரமாயிற்றே என்பார்கள். முன்சக்கரம் தண்ணீரில் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதைச் சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. ஒரே அச்சில் இரண்டு வேறு மாதிரிகளைப் போடவே கூடாது.

பொருத்தும்போது

இங்கேதான் ஹைபிரிட் காருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வருகிறது. வண்டி சத்தமில்லாமல் நிற்பதால் அணைந்திருக்கிறது என்று கடைப் பையன் நினைத்துக்கொள்வான். ஆனால் திரையில் 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது. பேட்டரி இறங்கினால் என்ஜின் தானாகவே இயங்கத் தொடங்கும். ஜாக்கியில் ஏற்றுமுன் வண்டியை முழுதாக அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். உள்ளே ஏசி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஜாக்கி எங்கே வைக்க வேண்டும் என்பது கையேட்டில் படத்தோடு இருக்கும். தரைக்கடியில் ஆரஞ்சு நிற வயர் போகும் இடங்களுக்கு அருகில் எதையும் வைக்க விடாதீர்கள்.

பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசை. 'வெளிப்பக்கம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், காற்றழுத்த உணரி உள்ள வால்வாக இருந்தால் தவிர. நட்டுகளை ஏர் கன்னால் கடைசிவரை இறுக்க விடாமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்ல வேண்டும். பேலன்சிங் கட்டாயம். நான்கு டயர் மாற்றினால் அலைன்மென்ட்டும் கட்டாயம். அதன் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் துளி கோணலாக இருந்தாலும் டயர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடும். உருளல் தடை குறைந்த டயருக்குக் கொடுத்த காசு அங்கேயே போய்விடும்.

காரில் டயர் அழுத்த எச்சரிக்கை இருந்தால் மாற்றிய பிறகு அதைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். தனி உணரி இல்லாமல் சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டு கணிக்கிற வகையில் இது மிக அவசியம். பழைய டயரின் கணக்கையே அது நினைவில் வைத்திருக்கும்.

காற்றும் முதல் சில மாதங்களும்

காற்றின் அளவு கதவு ஸ்டிக்கரில் உள்ளது. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண் அதிகபட்ச எல்லை. அதை நிரப்பும் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் வண்டியை எடுக்குமுன் பார்ப்பதே சரியான அளவு. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் பங்கில் பார்த்தால் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆறு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் நல்ல டயருக்கும் சுமார் டயருக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை நீங்களே தின்றுவிடுகிறீர்கள். மாதம் ஒருமுறை பாருங்கள்.

மைலேஜுக்காக 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எண் கொஞ்சம் ஏறும். நடுப்பகுதி தேயும், ஈரத்தில் பிடிப்பு குறையும், ஒவ்வொரு குழியும் முதுகில் இறங்கும். எனக்கு அது வேண்டாத வேலையாகப் படுகிறது. நைட்ரஜனும் அப்படித்தான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. இலவசமாகக் கிடைத்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன மைலேஜ் இறக்கத்துக்கு வருவோம். புது டயரில் ரப்பர் தடிமன் அதிகம். அமுங்கி மீளும் பொருள் அதிகம் என்பதால் சூடாகிப் போகும் ஆற்றலும் அதிகம். அதே மாதிரியைப் போட்டாலும் தேய்ந்த பழையதைவிடத் தடை கூடுதலாகவே இருக்கும். தேயத்தேய அது இறங்கும். இரண்டாவது காரணம் வெறும் அளவீடு. 8 மில்லிமீட்டர் ஆழம் இருந்த டயர் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் ஆரம் 6 மில்லிமீட்டர் குறைகிறது. 215/60 ஆர்17இல் ஆரம் ஏறக்குறைய 345 மில்லிமீட்டர். அதாவது பழைய டயரில், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் ஏறக்குறைய 1.7 சதவீதம் வரை கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 20 என்று நீங்கள் நினைத்தது 19.7ஆகவே இருந்திருக்கலாம்.

ஆகவே முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மைலேஜைப் பார்க்க வேண்டாம். முதல் 300 கிலோமீட்டரில் பிரேக்கையும் திருப்பத்தையும் மென்மையாகக் கையாளுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்க வசதியாகப் பூசிய வழவழப்பு போக அவ்வளவு தூரம் ஆகும். அதன் பின் ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்பி, ஐந்தாறு முறை கணக்கு எழுதுங்கள். மழைக்காலத்துக் கணக்கை வெயில்காலத்துக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். ஏசியும் தேங்கிய தண்ணீரும் டயரைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும். இவ்வளவுக்குப் பிறகும் பழையதைவிட ஏழெட்டு சதவீதம் குறைவாகவே நின்றால் முதலில் காற்றை, பிறகு அலைன்மென்ட்டைச் சந்தேகியுங்கள். இரண்டும் சரியென்றால்தான் டயரைக் குற்றம் சொல்லலாம்.

முன் டயர்களையும் பின் டயர்களையும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். சர்வீஸோடு சேர்த்துச் செய்தால் மறக்காது. பில்லில் நான்கு டயரின் வரிசை எண்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கடையை விட்டுக் கிளம்புமுன் பார்த்து, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் புடைப்பு வந்து உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.